சாரல் விழுதா என்று கேட்கிறவர்கள்

ஆனி பிறந்துவிட்டால் எங்கள் வீட்டுக்கு வருகிற போன் எல்லாம் ஒரே கேள்வியோடுதான் வரும். "சாரல் விழுதா?" நல்லா இருக்கீங்களா என்று கேட்பதில்லை. அப்பாவின் முட்டுவலி தேவலையா, சித்திரை வெயிலை எப்படித் தாண்டினீர்கள் என்று கேட்பதில்லை. பத்து மாதமாக எங்கள் நினைப்பே இல்லாதவர்கள்கூட அந்த வாரம் போன் போட்டு மலையைத்தான் நலம் விசாரிப்பார்கள். குற்றாலத்துக்குப் பக்கத்தில் வீடு வைத்திருக்கிறவர்களுக்கு இந்தக் கேள்வியின் அர்த்தம் தெரியும். ஆறு பேர் வருகிறோம், பாயை உதறி வையுங்கள்.

அப்பா ஒவ்வொரு வருடமும் ஒரே பதிலைத்தான் சொல்லுவார். "ஜம்முன்னு விழுது. கெளம்பி வாங்க." மலை வறண்டு கிடந்தாலும் அதையேதான் சொல்லுவார்.

எங்கள் வீடு தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையை ஒட்டிய ஒரு தெருவில் இருக்கிறது. முன்னால் ஓர் அறை, நடுவில் ஓர் அறை, பின்னால் அடுப்படி. அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். அம்மா இருபத்திரண்டு வருடம் பீடி சுற்றினாள். நான் பி.காம். முடித்துவிட்டுத் தென்காசியில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறேன். அப்பா வழியிலும் அம்மா வழியிலும் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

எங்கள் வீட்டில் வருடக் கணக்கு சித்திரையில் கிழியும், ஆடியில் தைக்கப்படும். கோயில் கொடைத் திருவிழா, கல்யாணங்கள், ஆட்டோவுக்கு எஃப்.சி. எல்லாம் வெயில் காலத்தில்தான் வரும். அதை அடைக்கிற வருமானம் சீசனில் வரும். சாரல் விழுகிற மூன்று மாதமும் அப்பாவின் ஆட்டோ நிற்காது. பஸ் ஸ்டாண்டிலிருந்து மெயினருவி, மெயினருவியிலிருந்து ஐந்தருவி, அங்கிருந்து பழைய குற்றாலம். வருடத்தில் பாதிச் சம்பாத்தியம் அந்த மூன்று மாதத்தில்தான். சொந்தக்காரர்கள் வருவதும் அதே மூன்று மாதத்தில்தான்.

போன வருடத்து வெயில் காலத்தில் கிழிசல் வழக்கத்தைவிடப் பெரிது. கொடைக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அப்பா எழுந்து நின்று, வில்லுப்பாட்டுக்காரர்களுக்கு இரண்டு வேளைச் சாப்பாடு நம்ம வீட்டுச் செலவு என்று சொல்லிவிட்டு வந்தார். கோயில் வரி தனி, இது தனி. சித்தப்பா மகள் கல்யாணம் வந்தது. எஃப்.சி.க்குப் போன ஆட்டோ, பெயின்ட், டிங்கர், டயர் என்று ஒவ்வொன்றாக வாங்கித் தின்றுவிட்டுத்தான் திரும்பியது. இதற்கெல்லாம் நான் அப்பாவைத் திட்டினேன். அதே பங்குனி கடைசியில் முன்னறையில் ஏசி மாட்டியது நான். அதற்கு என்னைத் திட்ட வீட்டில் ஆள் இல்லை.

ஏசி ஏன் வந்தது என்று சொல்ல வேண்டும். பீடி சுற்றுகிறவர்கள் ஃபேன் போட்டுக்கொள்ள முடியாது. போட்டால் மடியில் வைத்திருக்கிற சொளவில், அந்த முறத்தில், இருக்கிற புகையிலைத் தூள் பறந்துவிடும். பறந்த தூளுக்கும் கணக்குண்டு. வாங்கிய தூளுக்கு இத்தனை பீடி என்று பீடிக்கடையில் எண்ணி வாங்குவார்கள். அதனால் இருபத்திரண்டு வெயில் காலம் அம்மா ஃபேனுக்கு அடியில் ஃபேன் இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். முதுகில் வேர்வை வழிந்து ரவிக்கை உப்புப் பூத்து நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டே நான் படித்தேன். வேலைக்குப் போனதும் முதல் காரியமாக இதை நிறுத்துவேன் என்று பிளஸ் டூ படிக்கும்போதே முடிவு செய்திருந்தேன்.

நிறுத்தவும் செய்தேன். வேலை நிரந்தரமான மாதமே அம்மாவைக் கடையின் பதிவுத் தொழிலாளி என்று காட்டுகிற பீடிக் கார்டை ஒப்படைக்கச் சொன்னேன். பி.எஃப். பணத்தைத் திருப்பி வாங்குவதற்கான விண்ணப்பத்தை நானே இங்கிலீஷில் நிரப்பிக் கொடுத்தேன். கைநாட்டு வைக்காமல் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட அம்மாவுக்கு ஒரு வாரம் சொல்லிக்கொடுத்தேன். அந்தப் பணம் நாலு மாதத்தில் வந்தது. அதில் ஏசிக்கு முன்பணம் கட்டினேன். மீதி மாதத் தவணை, என் சம்பளத்தில். இனிமேல் அம்மா குளுகுளுவென்று இருக்கட்டும் என்று நினைத்தேன். எங்கள் தெருவில் முதல் ஏசி அது. இதையும் நான் அடக்கமாகச் சொல்லவில்லை.

ஆனி முதல் வாரம் கரன்ட் பில் வந்தது. இரண்டு மாதத்து ரீடிங். ஐந்நூறு யூனிட்டைத் தாண்டினால் தாண்டியதற்கு மட்டும் அல்ல, அதற்கு முன்னால் ஓடியதற்கும் சேர்த்து விலை மாறும். எங்கள் வீட்டு மீட்டர் அதுவரை அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை. நான் ஊரார் கணக்கையெல்லாம் பார்க்கிறவள். எண்ணெய்க்கடைக்காரர், இரும்புக்கடைக்காரர், மில்காரர் எல்லாருடைய வரவு செலவும் என் கையில். என் வீட்டு பில்லை வைத்துக்கொண்டு வெகுநேரம் அடுப்படி வாசலில் நின்றேன்.

அன்றைக்கு அப்பாவையும் அம்மாவையும் உட்கார வைத்துக் கணக்குப் போட்டேன். மளிகைக்கடைப் பற்று, மகளிர் குழுவில் அம்மா எடுத்த கடன், எல்லாம் சேர்த்து முப்பத்தெட்டாயிரம் ரூபாய் பள்ளம். சீசனில் அப்பா வீட்டுச் செலவு போக தினம் ஐந்நூறு தனியாக எடுத்து வைக்க வேண்டும். நான் மாதம் நாலாயிரம் கூடுதலாகத் தர வேண்டும். ஏசியின் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். ஆடி முடிவதற்குள் பள்ளம் மூடிவிடும்.

"மூடலன்னா?" என்று அப்பா கேட்டார்.

"மூடலன்னா என்ன ஆவும். மறுபடியும் சொளவத் தூக்க வேண்டியதுதான்" என்றாள் அம்மா. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

நான் சிரிக்கவில்லை. "அது மட்டும் நடக்காது" என்றேன். அப்பா சரி என்று தலையை ஆட்டினார். காலண்டரின் பின்பக்கத்தில் அறுபது கட்டம் போட்டு, முதல் நான்கு நாளுக்கு டிக் அடித்தேன். ஐந்தாம் நாள் அத்தை போன் செய்தாள்.

அத்தை அப்பாவுக்கு அக்கா. சென்னையில் குடியேறி முப்பது வருடம் ஆகிறது. "சாரல் விழுதா தம்பி?" என்று கேட்டாள். அப்பா காலண்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஜம்முன்னு விழுதுக்கா. கெளம்பி வாங்க" என்றார்.

வந்தார்கள். அத்தை, மாமா, இரண்டு மகன்கள், மூத்த மகனின் மனைவி, அவர்களுடைய குழந்தை. நாலு நாள் என்று சொல்லிவிட்டு ஒன்பது நாள் இருந்தார்கள்.

முன்னறைக்குள் நுழைந்ததும் அத்தை அண்ணாந்து பார்த்தாள். "ஏட்டி, ஏசியெல்லாம் மாட்டிட்டீங்களே. எந்தம்பி பெரிய ஆளாயிட்டான்." அந்த ஒரு சொல்லுக்கு அப்பாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோது எனக்குத் தெரிந்துவிட்டது, நான் பிடுங்கி வைத்த பிளக் அன்றைக்கே சொருகப்படும் என்று.

வெளியே சாரல். பொதிகைக் காற்று தெருவையே தூக்கிக்கொண்டு போகிறது. இதை அனுபவிக்கத்தான் அறுநூறு கிலோமீட்டர் தாண்டி வந்திருக்கிறார்கள். வந்தவர்கள் ஜன்னலைச் சாத்தி, கதவைச் சாத்தி, உள்ளே ஏசியை இருபதில் வைத்துக்கொண்டு கம்பளி கேட்டார்கள். குழந்தைக்கு ஈரக்காற்று ஆகாதாம். எங்கள் வீட்டில் ஒரே ஒரு கம்பளிதான் இருந்தது. அப்பா பக்கத்து வீட்டில் இரண்டு வாங்கி வந்தார்.

காலையில் ஆட்டோ அவர்களுக்கு. ஆறு பேர் ஒரே தடவையில் ஏற முடியாது, இரண்டு நடை. ஐந்தருவிக்கு இரண்டு நடை, பழைய குற்றாலத்துக்கு இரண்டு நடை, பண்பொழி மலைக்கோயிலுக்கு இரண்டு நடை. பஸ் ஸ்டாண்டில் கூட்டம் ஆட்டோ ஆட்டோ என்று கை தட்டிக்கொண்டு நிற்கும்போது அப்பா அவர்களைத் தாண்டிக்கொண்டு, எண்ணெய் தேய்த்த மாமாவை ஏற்றிக்கொண்டு போவார். ஒருநாள் மலைக்குள் பெருமழை பெய்து அருவியில் தண்ணீர் கூடி, குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். எண்ணெயோடு போனவர்கள் எண்ணெயோடு திரும்பி வந்தார்கள். அன்றைக்கு முழுக்க வீட்டிலேயே இருந்து, மூன்று வேளையும் இங்கேயே சாப்பிட்டார்கள். நடுவில் பஜ்ஜி.

"ஒங்க ஊர்ல இதான் பிரச்சன. தண்ணி வந்தாலும் குளிக்க விடமாட்டான், வராட்டியும் குளிக்க முடியாது" என்றார் மாமா, ஐந்தாவது வாழைக்காய் பஜ்ஜியை எடுத்துக்கொண்டு.

"வீட்ல பைப்புல தண்ணி வருது மாமா" என்றேன். அம்மா அடுப்படியிலிருந்து என்னைப் பார்த்தாள்.

அதே நாளில்தான் அத்தை அந்தப் பேச்சைப் பேசினாள். வாசலில் பெண்கள் இரண்டு பேர் பீடிக் கட்டுகளைக் கூடையில் வைத்துக் கடைக்கு எடுத்துப்போனார்கள். அத்தை மூக்கைச் சுளித்துக்கொண்டு அம்மாவிடம் சொன்னாள். "நல்லவேள, நீ அந்த நாத்தத்த விட்டொழிச்ச. முன்னெல்லாம் இந்த வீட்டுக்குள்ள வந்தாலே எனக்குத் தும்மல் வந்துரும். மக படிச்சதுக்கு அதாவது நடந்துச்சே."

அம்மா உளுந்தை ஆட்டிக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் இவர்கள் வருகிற அன்று அம்மா சொளவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, வீட்டைக் கழுவிவிட்டு, சாம்பிராணி போடுவாள். அந்த நாட்களின் கூலி போகும். கடையில் ஏச்சும் வாங்குவாள். அதெல்லாம் எனக்கு நினைவிருந்தது. இருந்தும், அத்தை அப்படிச் சொன்னபோது எனக்குள் ஒரு குளிர்ச்சி ஓடியது. ஆமாம், நான்தான் நிறுத்தினேன் என்ற நினைப்பு. இப்போது அதை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறையலாம் போல இருக்கிறது.

எட்டாம் நாள் என்னால் பொறுக்க முடியவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "டிக்கெட் என்னைக்குப் போட்டிருக்கீங்க அத்தை?" என்று கேட்டேன்.

கைகள் எல்லாம் தட்டில் நின்றன. மாமாதான் முதலில் சிரித்தார். "படிச்ச பிள்ளைலா, கணக்குக் கேக்குதா."

"எவளுக்கு எவ டிக்கெட் போடுதது?" என்று அப்பா எழுந்துவிட்டார். "இது எங்கக்கா வீடு. அவ இருக்க மட்டும் இருப்பா. நீ ஆபீசுக்குக் கெளம்பு."

மறுநாள் கிளம்பினார்கள். நேந்திரங்காய் சிப்ஸ், பலாப்பழம், மங்குஸ்தான் ஒரு பை. எல்லாம் அப்பா வாங்கிக் கொடுத்தது. ரயிலேறும்போது அத்தை என் கையில் இருநூறு ரூபாய் நோட்டைத் திணித்து, "பூ வாங்கி வச்சுக்கோ மருமவளே" என்றாள். மடித்த நோட்டு. ரயில் போன பிறகும் அது என் கையில்தான் இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, காதெல்லாம் சூடாகிற மாதிரி.

வீட்டுக்கு வந்து ஆபீசில் செய்வதைப் போல எழுதினேன். ஒன்பது நாள் அப்பா இழந்த ஓட்டம், கறி, மீன், பால், பழம், அரைமாதத்திலேயே தீர்ந்துபோன சிலிண்டர், இனி வரப்போகிற கரன்ட் பில். முப்பத்தெட்டு அறுபதாகியிருந்தது. அப்பாவிடம் தாளை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"ஒறவுக்குக் கணக்கு எழுதுத புத்திய எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்ச?"

"நீங்க அனுப்புன பள்ளிக்கூடத்துலதான்."

"நான் மொதல்ல ஆட்டோ எடுக்கும்போது அவ காதுல கெடந்த கம்மலக் கழட்டித் தந்தா. தெரியுமா ஒனக்கு?"

தெரியும். சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். "அந்தக் கம்மலுக்கு எத்தன சீசன் சோறு போட்டாச்சுப்பா?" என்றேன். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் சொன்னது சரிதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அவர் போன விதம் மட்டும் மனசை விட்டுப் போகவில்லை. சட்டைப் பித்தான்களை மாற்றிப் போட்டுக்கொண்டு போனார்.

இதற்குப் பிறகு மூன்று வாரம் போயிருக்கும். ஒருநாள் ஆபீசில் கரன்ட் இல்லை, மதியமே அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தால் கதவு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து பெண்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது. அதில் அம்மாவின் சிரிப்பும் இருந்தது. எங்கள் வீட்டில் அம்மா அப்படிச் சிரித்து நான் கேட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது.

எட்டிப் பார்த்தேன். நாலு பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நாலு மடியிலும் சொளவு. அம்மாவின் விரல்கள் ஓடிக்கொண்டிருந்தன. இலையை எடுத்து, தூளைப் போட்டு, உருட்டி, நுனியை மடித்து, நூலைச் சுற்றி. ஒரு பீடிக்கு நான் மூச்சு விடுகிற நேரம்தான் ஆனது.

"ஏ மைனி, ஆடிட்டர் வந்துட்டா. கணக்க எடுத்துக் காட்டு" என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். கை நிற்கவில்லை.

"எத்தன நாளா?" என்று கேட்டேன்.

"அவிய போன மறுநாள்லருந்து."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"ஒங்கிட்ட கேட்டுட்டுத்தான் கைய அசைக்கணுமோ?"

"யார் கார்டு?"

பக்கத்து வீட்டு அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா சொன்னாள். "அவ கார்டுதான். அவளுக்குக் கை வலி, முழுசாச் சுத்த முடியல. அவ கணக்குல நான் சுத்துதேன். கூலிய வாரக் கடைசில பிரிச்சுக்கிடுதோம்."

எனக்குத் தெரிந்ததை அவள் சொல்லவில்லை. அம்மா சுற்றுகிற பீடிக்கு பி.எஃப். அக்காவின் பெயரில் ஏறும். போனஸ் அக்காவுக்கு வரும். விடுமுறைச் சம்பளம் அக்காவுக்கு. கடை ரிஜிஸ்தரில் என் அம்மா என்று ஒருத்தி கிடையாது. இருபத்திரண்டு வருடம் இருந்தாள். நான் எழுதிக்கொடுத்து அழித்தேன்.

வீட்டுக்கு வந்து சண்டை போட்டேன். உனக்காகத்தானே நிறுத்தினேன், உனக்காகத்தானே ஏசி வாங்கினேன் என்றேன். அம்மா அரிசி களைந்துகொண்டே கேட்டாள். பிறகு தண்ணீரைக் கொட்டிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"எனக்காவ நீ நிறுத்தல. ஒன் ஆபீஸ்ல, ஒங்கம்மா என்ன செய்யுதான்னு கேட்டா, வீட்ல இருக்கான்னு சொல்லதுக்கு நிறுத்துன."

 ஆபீசில் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். அந்தப் பதிலைத்தான் சொல்லியிருக்கிறேன்.

"இந்த ஒரு வருசம் நான் என்ன செஞ்சேன் தெரியுமாட்டி? ஒத்தையில உக்காந்து செவத்தப் பாத்துட்டு இருந்தேன். ஏசி வந்த பொறவும் அதத்தான் பாத்தேன். ஒரு கட்டு வெத்தல வாங்கணும்னாலும் ஒங்கப்பாகிட்ட கை நீட்டுனேன். இருவத்திரண்டு வருசம் நீட்டாத கையி."

மறுநாள் ஆபீசுக்கு ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டுவிட்டு பீடிக்கடைக்குப் போனேன். கார்டைத் திரும்பப் போட முடியுமா என்று கேட்டேன். கடைக்காரர் அம்மாவை நன்றாகத் தெரிந்தவர். கெட்டவர் இல்லை. மேஜை டிராயரில் எதையோ தேடுவதுபோலக் கொஞ்ச நேரம் தேடினார்.

"புதுக் கார்டு நாங்க போட்டு வருசக்கணக்காவுதும்மா. இருக்கதையே கொறைக்கச் சொல்லுதாங்க. கைல இருந்தத நீங்கதான எழுதிக் குடுத்தீங்க?" நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "இங்கிலீஷ்ல. நல்ல கையெழுத்து. நானே எல்லாருட்டயும் காட்டுனேன்."

குத்திக் காட்டவில்லை, உண்மையாகவே பாராட்டினார். அதுதான் தாங்க முடியவில்லை. திரும்பும்போது வழியெல்லாம் சீசன் கூட்டம். ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, சோளத்தைக் கடித்துக்கொண்டு, செல்ஃபி எடுத்துக்கொண்டு நடந்தார்கள். ஒவ்வொரு முகத்தின் மேலும் எனக்குக் கோபம் வந்தது. அவர்கள் என்ன செய்தார்கள்? ஒன்றும் செய்யவில்லை. அவர்கள் அப்பாவின் ஆட்டோவுக்குக் காசு கொடுக்கிறவர்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் பக்கத்து வீட்டுக்குப் போய் அம்மாவின் சொளவையும் இலைக் கட்டையும் தூக்கிக்கொண்டு வந்தேன். பிடுங்கிக்கொண்டு வந்ததாகத்தான் அம்மா நினைத்தாள், பின்னாலேயே ஓடி வந்தாள். முன்னறையில், ஏசிக்குக் கீழே, சுவரில் சாய்ந்து உட்கார வசதியாக வைத்தேன்.

"சுத்தணும்னா இங்கன உக்காந்து சுத்து. ஒளிஞ்சு சுத்தாத. அவங்களையும் இங்க வரச் சொல்லு."

அம்மா இலைக் கட்டை எடுத்துத் தொட்டுப் பார்த்தாள். "ஏசியப் போட்டுறாத. எல காஞ்சிரும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

இலை ஈரமாக இருந்தால்தான் மடங்கும். ஃபேன் போட்டால் தூள் பறக்கும், ஏசி போட்டால் இலை காயும். இத்தனை வருடம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவளுக்கு இது தெரியவில்லை. ஜன்னலைத் திறந்துவிட்டேன். சாரல் காற்று வந்தது. இலைக்கு அது போதும் என்றாள்.

ஆடி பாதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்பா வாசலில் ஆட்டோ கழுவிக்கொண்டிருந்தார். முன்னறையில் அம்மாவும் பக்கத்து வீட்டு அக்காவும் சுற்றிக்கொண்டிருந்தார்கள். சார்ஜில் கிடந்த அப்பாவின் போன் அடித்தது. நான் எடுத்தேன்.

"தம்பி எங்க மருமவளே? சாரல் விழுதா?" அத்தைதான். பதிலுக்குக் காத்திருக்காமல் அவளே பேசினாள். சின்ன மகனுக்குச் சம்பந்தம் பேசியிருக்கிறார்களாம். பெண் வீட்டார் குற்றாலம் பார்த்ததில்லையாம். எட்டுப் பேர். அடுத்த வாரம். "ஏசி ரூம் இருக்குன்னு சொல்லிருக்கேன். கவுரவமா இருக்கணும் பாத்துக்க."

ஜன்னலுக்கு வெளியே நன்றாக விழுந்துகொண்டிருந்தது. பொய் சொல்லலாம். தண்ணீர் இல்லை, தடை போட்டிருக்கிறார்கள், எனக்குக் காய்ச்சல் என்று எதையாவது சொல்லலாம். அம்மா என்னைப் பார்க்கவில்லை. ஆனால் அவள் கை நின்றுவிட்டது. சொளவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கட்டிலுக்கு அடியில் தள்ளுவதற்காகத்தான் பிடிக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

"விழுது அத்தை" என்றேன். "ஆனா முன்ரூம்ல எடம் இல்ல. அம்மா பீடி சுத்துதா."

"என்னட்டி சொல்லுத?"

"பீடி அத்தை. அம்மா மறுபடியும் பீடி சுத்துதா. ரூம் பூரா தூளும் எலையுமாக் கெடக்கு. நீங்க வந்தா அவ எந்திரிக்கணும். எந்திரிச்சா அன்னைக்குக் கூலி போச்சு. அப்பாவும் ஆட்டோவ விட்டுட்டு ஒங்க கூடயே சுத்துவாவ. போன தடவ நீங்க வந்து போனதுக்குத்தான் அம்மா இப்ப சுத்திட்டு இருக்கா. அதனால லாட்ஜுல ரூம் போட்டுக்கிட்டு வாங்க."

 "தம்பிகிட்ட போனக் குடு" என்றாள் அத்தை. குரல் மாறியிருந்தது.

அப்பா வாசல்படியில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. கையில் ஈரத்துணி. போனை நீட்டினேன். ஈரக் கையோடு வாங்கிக் காதில் வைத்தார். அத்தை பேசப் பேச, ஆமாக்கா, ஆமாக்கா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கண் மட்டும் முன்னறையில் இருந்தது. சொளவு, அதைப் பிடித்திருந்த அம்மாவின் கை, அதற்கு மேலே சுவரில் வெள்ளையாக ஏசி. எல்லாவற்றையும் பார்த்தார்.

அத்தை கடைசியில் அதையே கேட்டிருக்க வேண்டும். அப்பா வெளியே திரும்பி மலையைப் பார்த்தார்.

"விழுதுக்கா" என்றார்.

நான் காத்திருந்தேன். அம்மா காத்திருந்தாள். அத்தையும் அந்தப் பக்கம் காத்திருந்திருப்பாள்.  அடுத்த சொல் வரவில்லை. போனைக் காதிலிருந்து எடுத்து, அது தானாக அணையும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஜன்னல் கட்டையில் வைத்தார். என்னிடம் ஒன்றும் பேசவில்லை. அதற்குப் பிறகும் பதினைந்து நாள் பேசவில்லை. எனக்குச் சொல்ல வேண்டியதை அம்மாவிடம் சொன்னார். ஆனால் ஒவ்வொரு நாளும் திரும்பி வந்ததும் ஐந்நூறு ரூபாயைக் காலண்டர் ஆணியில் சொருகி வைத்தார்.

புரட்டாசி பிறந்தபோது அறுபதாயிரமும் அடைபட்டது. மளிகைக்கடைக்காரர் பற்றுவரவு நோட்டில் கோடு போட்டுக் காட்டினார். அதில் அப்பாவின் ஓட்டம் உண்டு, என் சம்பளம் உண்டு, பக்கத்து வீட்டு அக்காவின் பெயரில் அம்மா சுற்றிய பீடியும் உண்டு. இனி நிறுத்தலாமே என்று கேட்க நான் வாயெடுக்கவில்லை. அத்தை மகன் கல்யாணத்துக்குப் பத்திரிகை தபாலில் வந்தது. முன்பெல்லாம் நேரில் வந்து, தாம்பூலத்தில் வைத்துக் கொடுப்பார்கள். அப்பா அதைப் பிரித்து இரண்டு தடவை படித்தார்.

"போவணும்" என்றார் அம்மாவிடம்.

"போவோம். என்னைக்கு?" என்று கேட்ட அம்மா, உடனே கையை உயர்த்தி அவரைத் தடுத்தாள். "பொறுங்க. கட்டு எண்ணிக்கிட்டு இருக்கேன். தப்பிரும்."

ஒரு கட்டுக்கு இருபத்தைந்து பீடி. இருபத்தைந்து வரும்வரை அப்பாவும் நானும் பேசாமல் நின்றோம்.